அந்தக் கால் விநாடி

கோல்ஃப் பணக்காரர்கள் ஆடுவது, நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 'ஏதோ கோபத்துல வாய் தவறி வந்துடுச்சு, மனசுல வெச்சுக்காதீங்க' என்று நீங்கள் யாரிடமாவது சொல்லியிருந்தால், அல்லது யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், இந்த ஆட்டம் உங்களுக்குச் சம்பந்தப்பட்டதுதான். தவறி வந்த வார்த்தைக்கு யார் பொறுப்பு? இதுதான் கேள்வி. பதிலுக்குக் கொஞ்சம் சுற்றுவழியாக, இடுப்பு வழியாகப் போக வேண்டியிருக்கிறது.

கோல்ஃபில் பந்து சும்மா கிடக்கிறது. கிரிக்கெட் மாதிரி யாரும் ஓடி வந்து எறிவதில்லை. அடிப்பதற்கு முன் நிதானமாக யோசிக்கலாம். இருந்தும் பந்து சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. காரணம், மட்டை வருகிற பாதை. மட்டையின் நுனி காற்றில் வரைகிற வட்டத்தை, சுவரில் சாய்த்து வைத்த பெரிய தாம்பாளமாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தச் சாய்வுக்குத்தான் 'ஸ்விங் பிளேன்' என்று பெயர். தாம்பாளம் கோணலானால் பந்தும் கோணல்.

புதிதாக ஆடும் வலது கைக்காரர்களுக்குப் பொதுவாக வருகிற வியாதி 'ஸ்லைஸ்'. பந்து வலது பக்கம் வளைந்து ஓடிப் புதரில் விழும். ஓங்கி அடிக்கிற ஆவேசத்தில் தோளும் கையும் முதலில் கிளம்பிவிடும். மட்டை வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வந்து பந்தைச் சீவிவிடும். உடனே கையைத் திருத்தப் பார்ப்பார்கள். அடுத்த பந்து இன்னும் மோசமாகப் போகும்.

முதலில் கிளம்ப வேண்டியது இடுப்பு. மட்டையைப் பின்னால் தூக்கும்போது தோள் சுமார் 90 டிகிரி திரும்பும், இடுப்பு ஏறக்குறைய அதில் பாதி. கைதேர்ந்தவர்களுக்கு, மட்டை பின்னால் போய் முடிவதற்குள்ளேயே இடுப்பு முன்பக்கம் திரும்ப ஆரம்பித்துவிடும். பிறகு தோள், கை, கடைசியில் மட்டை. சாட்டை சொடுக்குகிற அதே வரிசை. இப்படி வந்தால் மட்டை தானாகவே சற்றுத் தாழ்ந்து உள்பக்கமாக இறங்கும். அதற்காக இடுப்பை மட்டும் வெடுக்கென்று திருப்பினால் கை பின்தங்கி, வேறு விதமாகக் கெடும். எல்லாம் வரிசைதான்.

இதைத் தெளிவாகச் சொன்னவர் அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன். 1957-இல் வந்த 'ஃபைவ் லெஸன்ஸ்' என்ற புத்தகத்தில், பந்திலிருந்து ஆடுபவரின் தோள் வரை சாய்ந்து நிற்கும் ஒரு கண்ணாடிப் பலகையை வரைந்து காட்டினார்கள். மட்டை ஏறும்போது ஒரு சாய்வு, இறங்கும்போது இன்னொரு சாய்வு என்கிறார் ஹோகன். இரண்டாவதற்கு எப்படி மாறுவது? யோசிக்கவே வேண்டாமாம். இடுப்பை முதலில் திருப்பினால் தானாக வந்துவிடுமாம்.

யோசிக்க நேரமும் கிடையாது. உச்சியிலிருந்து மட்டை பந்தைத் தொடுவதற்கு ஆகும் நேரம் சுமார் கால் விநாடி. பார்த்து, 'ஐயோ தப்பு' என்று மூளை உணர்ந்து, கைக்குச் சேதி அனுப்புவதற்குள் பந்து போயே போய்விட்டது. அடிக்கும்போது கையைக் கண்காணிப்பதாலும் பெரிய பிரயோஜனமில்லை. 1999-இல் கேப்ரியேலே வுல்ஃபும் சக ஆய்வாளர்களும் புதிதாகக் கற்பவர்களை இரண்டு கோஷ்டியாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டி தன் கைகளின் வீச்சை கவனிக்க வேண்டும், இன்னொன்று மட்டையின் ஊசலாட்டத்தை. மட்டையை கவனித்தவர்கள்தான் நன்றாக அடித்தார்கள்.

சரி, இப்போது வாய் தவறிய வார்த்தைக்கு வருவோம். அதுவும் கால் விநாடிச் சமாச்சாரம்தான். 'நான் வேணும்னு சொல்லலை' என்பது பெரும்பாலும் உண்மை. அதனால் பொறுப்பில்லை என்று ஆகிவிடுமா? அரிஸ்டாட்டில் இதற்கு ஒரு கல்லை உதாரணம் காட்டுகிறார். எறிந்த கல்லைத் திரும்பக் கூப்பிட முடியாது. ஆனால் எறிவதும் எறியாதிருப்பதும் உன் கையில்தானே இருந்தது என்கிறார். சுபாவமும் அப்படித்தான். தினம் தினம் நாம் செய்து செய்து பழக்கிக்கொண்டது.

காலையிலிருந்து மனசு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது? மனைவியைப் பற்றி, மருமகளைப் பற்றி, ஆபீஸ் பியூனைப் பற்றி உள்ளுக்குள் என்ன கணக்கு ஓடிக்கொண்டிருந்தது? அதுதான் இடுப்பு. நாக்கு, கடைசியாக வந்து சேர்கிற மட்டை. 'இனிமே நாக்கை அடக்கிக்கிறேன்' என்று சத்தியம் செய்கிறவர்கள், கையைத் திருத்துகிற ஸ்லைஸ்காரர்கள்.

'என் சுபாவமே அப்படி சார், எங்கப்பாவும் முன்கோபி' என்பவர்களுக்கு மறுபடி ஹோகன். 1949 பிப்ரவரி 2-ஆம் தேதி டெக்சாஸில் அவருடைய கார் மீது பஸ் மோதியது. மனைவியைக் காப்பாற்ற அவர் மேல் குறுக்கே பாய்ந்தார். மனைவி பிழைத்தார்; ஹோகனுக்கு இடுப்பெலும்பு, காறை எலும்பு, கணுக்கால், விலா எல்லாம் முறிந்தன. எந்த இடுப்பை நம்பி ஆடினாரோ, அதே இடுப்பு! 16 மாதம் கழித்து, 1950 ஜூனில், கட்டுப்போட்ட கால்களோடு அமெரிக்க ஓப்பனை ஜெயித்தார். எல்லோராலும் ஹோகன் ஆக முடியாது. ஆனால் கிடைத்த இடுப்பைக் குறை சொல்வதற்கு முன் கொஞ்சமாவது பழகிப் பார்த்தோமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். மட்டை பாதி இறங்கிய பிறகு ஏதாவது இடைஞ்சல் வந்தால், டைகர் உட்ஸ் பந்தைத் தொடாமல் அப்படியே நிறுத்திவிடுவார். பல தடவை செய்திருக்கிறார். இறங்குகிற மட்டையைத் திருத்துவது கஷ்டம். நிறுத்துவது, பழகினால் முடியும் போலிருக்கிறது. பாதி வாக்கியத்தில் சட்டென்று வாயை மூடிக்கொண்டு எழுந்து போகிற மனிதர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோழை என்று நினைத்திருப்போம். எத்தனை வருஷப் பயிற்சியோ!

ஆகவே, 'வாய் தவறி வந்துடுச்சு' என்று யாராவது சொன்னால் நம்புங்கள், மன்னியுங்கள். நாமே சொல்ல நேர்ந்தால் மட்டும் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டாம். வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டது சரி. அதற்கு முன்னால் கிளம்பியது எது என்று அன்றைக்கு ராத்திரியாவது தேடிப் பார்க்கலாம்.