ரெண்டாவது ஆள்

தபால் ஆபீஸ் சேமிப்புக் கவுண்டரில் 26 வருஷம் உட்கார்ந்தவனுக்கு எதிரே நிற்பவரின் கையெழுத்துதான் முகம். பணம் எடுக்க வருகிறவரை நான் நிமிர்ந்து பார்த்தது குறைவு. படிவத்தில் இருப்பதையும், கணக்கு தொடங்கியபோது வாங்கிய மாதிரிக் கையெழுத்தையும் மாறிமாறிப் பார்ப்பேன். சுழி ஒன்று கூடியிருந்தால்கூடக் கண்ணில் தட்டிவிடும். "என்ன சார், என்னைத் தெரியாதா உங்களுக்கு?" என்று கோபித்துக்கொண்ட ஆசிரியர்கள் உண்டு. தெரியும். ஆனால் கையெழுத்து சேரவில்லையே.

என் கையெழுத்தே சேராமல் போனது 2022 ஆவணியில். டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "ஒரு நட்சத்திரம் வரைங்க சார், கீழே கையெழுத்துப் போடுங்க" என்றார். சின்னப் பிள்ளைக்கு வைக்கும் பரீட்சை மாதிரி இருக்கிறதே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் வரைந்தேன். ஐந்து முனைகளில் இரண்டு சேரவே இல்லை. கையெழுத்து என்று நான் போட்டிருந்ததை என் கவுண்டரில் யாராவது நீட்டியிருந்தால் போஸ்ட் மாஸ்டரைக் கூப்பிட்டிருப்பேன்.

சுருங்கிப்போன கல்லீரலால் ரத்தத்திலிருந்து அம்மோனியாவை நீக்க முடியாது. அது மூளைக்குப் போய் ஆளைக் குழப்பும் என்றார் டாக்டர். அதற்கு லாக்டுலோஸ் என்று ஒரு சிரப். பாகு மாதிரித் தித்திக்கும். குடித்தால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை வயிறு போக வேண்டும். போனால்தான் புத்தி தெளியும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டின் முதல் செய்தி அதுதான். காலையில் பெங்களூரிலிருந்து போன் செய்யும் மகன் "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எத்தனை தடவைப்பா?" என்று கேட்கத் தொடங்கினான்.

வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. ஊசிக் குழாய் போட்டு 5 லிட்டர் எடுத்து, அல்புமின் ஏற்றி அனுப்புவார்கள். மூன்று வாரத்தில் மறுபடி வேட்டி இறுக்கும். உப்பு அளந்துதான். இரவெல்லாம் அரிப்பு, சொரிந்து சொரிந்து முழங்காலுக்குக் கீழே தோல் கருத்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் கீழாநெல்லி கொண்டுவந்தார்கள். கீழாநெல்லியைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. சென்னையில் அதை ஆராய்ந்தவர்களின் கட்டுரை 1988இல் 'லான்செட்' இதழிலேயே வந்தது. ஆனால் அது ஹெபடைடிஸ் பி கிருமியைப் பற்றியது. பிற்பாடு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவும் இல்லை. எனக்கோ சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து கல்லீரலைத் தழும்பாக்கி வைத்திருந்தன.

வந்தவர்கள் வாய்விட்டுக் கேட்காமல் கண்ணால் கேட்ட கேள்வி, "குடிப்பாரோ?" என்பது. அவர்கள் கேட்பதற்கு முன்பே, "நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லை" என்று சொல்லிவிடுவேன். வார்டில் ஒருநாள் அப்படிச் சத்தமாகச் சொன்னபோது பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். வாட்டசாட்டமான மனுஷன், இரண்டு பெண் குழந்தைகள். அன்றோடு அந்த வாக்கியத்தை விட்டேன்.

மாற்றுக் கல்லீரல்தான் வழி என்று ஆனது. இந்தியாவில் பெரும்பாலும் உறவுக்காரர் ஒருவர் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுப்பதுதான் நடக்கிறது. 1998இல் டெல்லியில் முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தபோது பிழைத்தது காஞ்சிபுரத்துக் குழந்தை. கொடுத்தது அதன் அப்பா. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அது திரும்ப வளர்ந்துவிடும். எங்கள் வீட்டில் மனைவிக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. மகனுக்கு இப்போதே கொழுப்பு படிந்திருந்தது. மகள் பிடிவாதமாக முன்வந்தாள். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், எடுத்தது போக அவளுக்கு மிஞ்சுவது போதாது என்று மறுத்துவிட்டார். அவள் அழுதாள். எனக்குப் பெரிய நிம்மதி. அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகவே மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்து வர வேண்டும். பட்டியலில் பெயர் ஏறியது. ரத்தப் பிரிவு பொருந்த வேண்டும், உடல் அளவு ஒத்துவர வேண்டும். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதற்கு மெல்ட் என்று ஓர் எண். பிலிருபின், ரத்தம் உறையும் வேகம், கிரியாட்டினின் மூன்றையும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். 6இல் தொடங்கி 40 வரை போகும். நான் 24இல் இருந்தேன். எண் ஏறினால் கலக்கம், இறங்கினால் "அப்போ இன்னும் தள்ளிப்போகுமோ" என்று வேறொரு கலக்கம்.

காத்திருக்க வெட்கமாக இருந்தது. எதற்குக் காத்திருக்கிறேன்? யாரோ ஒருவர் ஹெல்மெட் இல்லாமல் கிளம்புவதற்கா? எங்கள் வீடு நெடுஞ்சாலைக்குப் பக்கம். ராத்திரியில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் மனைவி எழுந்து உட்கார்ந்துகொள்வாள். வெள்ளிக்கிழமை கோயிலில் விளக்குப் போடுகிறவள், "என்னன்னு வேண்டிக்கறதுன்னே தெரியலங்க, சும்மா நின்னுட்டு வந்துட்டேன்" என்றாள்.

மருத்துவமனையின் கோ-ஆர்டினேட்டர் பெண்ணிடம் இதைச் சொன்னேன். என் மகள் வயதுதான் இருக்கும். "சார், நீங்க காத்திருக்கிறதால யாரும் சாகப்போறதில்லை. அவங்க இறந்துதான் போவாங்க. நீங்க காத்திருக்கிறது, ஐசியூ வாசல்ல நிக்கிற அவங்க வீட்டுக்காரங்க சொல்லப்போற ஒரு 'சரி'க்கு" என்றாள். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து ஹிதேந்திரனின் பெற்றோர் சொன்னதும் அந்தச் 'சரி'தான். பையனின் இதயம் சென்னைப் போக்குவரத்தை விலக்கிக்கொண்டு ஒரு சிறுமிக்குப் போனதை ஆபீஸில் நாங்கள் பல நாள் பேசினோம். பெற்றோர் இருவருமே டாக்டர்கள், அதனால் முடிந்தது என்று அன்றைக்கு நான் சொன்னதாக ஞாபகம்.

அந்தப் பெண் சொன்னது ஒன்பது மாதம் என்னைத் தாங்கியது. யார் சாவையும் நான் விரும்பவில்லை என்ற தெம்பில் தூங்கினேன். அது சரியாக ஓர் இரவில் முடிந்தது.

2023 ஆகஸ்டில் ஒரு நாள், ராத்திரி 11.40க்குப் போன். "சார், ஒரு லிவர் வர்ற மாதிரி இருக்கு. நீங்க ரெண்டாவது ஆள். எதுவும் சாப்பிடாம, தண்ணிகூடக் குடிக்காம உடனே கிளம்பி வாங்க." பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். திண்டிவனத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் சேர்ந்தோம்.

ரெண்டாவது ஆள் என்றால் என்ன என்று அங்கே போனபிறகுதான் முழுசாகப் புரிந்தது. எடுத்த கல்லீரலைப் பனிக்கட்டியில் வைத்தாலும் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். முதல் ஆளுக்குக் கடைசி நேரத்தில் காய்ச்சலோ, மார்ச் சளியோ, வேறு கோளாறோ தெரிந்தால் அது வீணாகக் கூடாது. அதற்காக இன்னொருவரைத் தயாராகப் படுக்க வைக்கிறார்கள். முறைதான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் ஆள் அதே அறையில், திரைக்கு அந்தப் பக்கம். எனக்கு மூத்தவர், ஆற்காடு பக்கம், லாரி வைத்திருந்தவர். அரைமணிக்கு ஒருதரம் நர்ஸ் வந்து அவருக்குத் தெர்மாமீட்டர் வைப்பாள். பீப் என்று ஒரு சத்தம். பிறகு அட்டையில் எழுதுவதற்காக எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். "98.4." நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். "98.8." மனசு துள்ளியது. அடுத்த பீப்புக்குக் காத்திருந்தேன். நூறு வரட்டும் என்று, சாமி பெயரைச் சொல்லாமல், ஆனால் சாமியிடம்தான் கேட்டேன். லாரிக்காரரின் மனைவி திரைக்கு வெளியே காலை நீட்டி உட்கார்ந்து, கையிலிருந்த குங்குமப் பொட்டலத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அதையும் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன்.

நாலரை மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கோ-ஆர்டினேட்டர் வந்து, "நீங்க கிளம்பலாம் சார், காபி குடிங்க" என்றாள். விடியும் நேரம், மதுராந்தகம் ஏரி ஓரம் காரை நிறுத்தினார்கள். மனைவி, "அந்த அம்மா பாவங்க, நல்லபடியா முடியணும்" என்றாள். நான் தலையாட்டினேன்.

முன்னால் போவது எல்லாருக்கும் யோகமாக இருந்ததில்லை என்று பிறகு என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். 1963இல் அமெரிக்காவில் டாக்டர் ஸ்டார்ஸ்ல் முதன்முதலாக மாற்றிப் பார்த்தது 3 வயதுக் குழந்தைக்கு. அது மேஜையிலேயே போய்விட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் ஒருவர் பிழைக்க 1967இல் தொடங்கிய முயற்சிகள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த நூறு டிகிரிக்கு இதெல்லாம் பதிலாகுமா?

2024 தை மாதம் மறுபடி போன். இந்தமுறை நான் முதல் ஆள். அதே மாடி. ரெண்டாவது ஆளுக்குக் கட்டில் இன்னும் ஒதுக்கவில்லை போலிருக்கிறது, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாக, வயிறு மட்டும் முன்னால் தள்ளி. மடியில் ஒரு கல்யாணத் தாம்பூலப் பை, அதற்குள் ரிப்போர்ட்டுகள். திறந்திருந்த கதவு வழியாக அவருக்கு என் கட்டில் தெரியும். நர்ஸ் எனக்குத் தெர்மாமீட்டர் வைத்தாள். பீப். அவர் பார்த்தார். அந்தப் பார்வையில் புரியாதது எனக்கு ஒன்றுமே இல்லை. பரவாயில்லை, கேட்டுக்கோங்க என்று சொல்ல வாய் வந்தது. எப்படிச் சொல்வது? ஸ்ட்ரெச்சர் அவரைத் தாண்டிப் போனபோது அவர் எழுந்து நின்றார்.

பத்து மணி நேரம் என்று மனைவி சொன்னாள். ஐசியூவில் கூரை முழுக்கப் பணம் எடுக்கும் படிவங்கள் ஒட்டியிருந்தன. ஒன்றிலும் கையெழுத்து இல்லை. அதற்கும் ஒரு மருந்துதான் காரணமாம். முதலில் போனது அரிப்பு. ஒரு வருஷத்துக்கு மேல் தூங்கவிடாத அரிப்பு, யாரோ சுவிட்சை அணைத்ததுபோல நின்றது. வயிற்றில் தலைகீழ் 'ஒய்' மாதிரித் தையல். டாக்டர்களே அதை மெர்சிடிஸ் வெட்டு என்பார்களாம், பென்ஸ் கார் முத்திரை. டிவிஎஸ் 50ஐத் தாண்டாதவன் வயிற்றில் பென்ஸ்.

உயிர் பிழைத்தவன் பூரித்துப்போய் இருக்க வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். "இனிமே ஒவ்வொரு நாளும் போனஸ் சார்" என்றார் ஆபீஸ் நண்பர், வாசலில் மாஸ்க் போட்டு நின்றபடி. எனக்கோ இரண்டு மாதம் ஒன்றுமே தோன்றவில்லை. ஸ்டீராய்டில் பசி மட்டும் பேயாக வந்தது. ஒருநாள் டம்ளர் கழுவவில்லை என்று மனைவியைக் கத்தினேன். பழைய ஆளேதான் திரும்பி வந்திருக்கிறேன் என்று அவளுக்கும் எனக்கும் தெரிந்தது அப்போதுதான். அவள் சிரித்துவிட்டாள்.

காலை 8, இரவு 8 டாக்ரோலிமஸ். 1984இல் ஜப்பானில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரில் கண்டுபிடித்த மருந்து. பம்ப்ளிமாஸ் சாப்பிட்டால் அதன் அளவு ரத்தத்தில் ஏறிவிடும் என்பதால் கொல்லையில் பழுக்கும் எங்கள் பழம் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. எனக்கு அந்த மாத்திரை என் கவுண்டர் பாஷையில்தான் புரிந்தது. ஒவ்வொரு உடம்பிலும் ஒரு கிளார்க் இருக்கிறான். வருவதையெல்லாம் மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் பார்க்கிறான். இந்தக் கல்லீரல் அவனுக்கு எந்நாளும் சேராது. தினம் இரண்டு வேளை அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைக்கிறோம், அவ்வளவுதான். மறந்தால் மாட்டிக்கொண்டு வந்துவிடுவான். மாத்திரையால் விரல் லேசாக நடுங்குகிறது, கையெழுத்து மறுபடி மாறிவிட்டது. என் ஆபீஸிலேயே புது மாதிரி கொடுத்தேன். வாங்கிய பையன் என்னை நிமிர்ந்து பார்க்காமல் இரண்டையும் ஒத்துப் பார்த்தான். நன்றாகத்தான் பழக்கியிருக்கிறேன்.

பயந்தால் ஈரக்குலை நடுங்கியது என்கிறோம். மாற்றும்போது ரத்தக்குழாய்களையும் பித்தக்குழாயையும்தான் தைக்கிறார்கள், நரம்புகளை இணைப்பதில்லை. இப்போது ராத்திரி போன் அடித்தால் என்னுள் நடுங்குவது எது என்று சில சமயம் யோசிப்பேன்.

கொடுத்தவர் யார் என்று சொல்ல மாட்டார்கள். அந்த வாரப் பேப்பரிலிருந்து மனைவி ஏதோ வெட்டிப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள். நான் கேட்டதில்லை. உறுப்பு கொடுத்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள். டிவியில் எங்காவது ஓர் ஓட்டு வீட்டு வாசலில் அதிகாரி மலர்வளையம் வைப்பதைக் காட்டினால் சத்தத்தைக் குறைத்துவிட்டு முழுக்கப் பார்க்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஓபி. மருந்தின் அளவைப் பார்க்க, காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். ஏழரையிலிருந்து பெஞ்சில் இருப்போம், எல்லார் கையிலும் மாத்திரை டப்பா. ஊசி வெளியே வந்ததும் பஞ்சை அமுக்கிக்கொண்டே மூடியைத் திறப்போம். போன மாதம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரை மாஸ்க்கோடு எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த அம்மாவைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"திண்டிவனம்தானே நீங்க?" என்றார் லாரிக்காரர். "அன்னிக்கு ராத்திரி நான் தூங்கவே இல்ல. நீங்களும் தூங்கலன்னு தெரியும்."

"உங்களுக்குக் காய்ச்சல் வரணும்னு இருந்தேங்க" என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது.

அவர் பஞ்சை எடுத்துக் கையைப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்தது. "நான் அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை ரெண்டாவது ஆளா வந்து போனவன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்களோட வந்தது யாரு?" என்று கேட்டார்.

பெயர் தெரியாது. ஊர் தெரியாது. தாம்பூலப் பையில் மணமக்கள் பெயர் சிவப்பில் அச்சடித்திருந்தது, அது மட்டும் தெரியும் என்றேன். அவர் மனைவி அந்தப் பெயர்களைக் கேட்டார். சொன்னேன். மூன்று பேருமாக எதிர் வரிசைப் பெஞ்சில் இருந்தவர்களின் மடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் கையில் பிளாஸ்டிக் கவர், ஒருவர் கையில் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் என் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள்.