விதியும் விதிமுறையும்

ஐஸ் ஹாக்கியை நான் நேரில் பார்த்ததில்லை. பனித்தளத்தின் மேல், அடியில் கத்தி பொருத்திய காலணிகளோடு, பக்கத்துக்கு ஆறு பேராகச் சறுக்கிக்கொண்டு ஒரு சிறு ரப்பர் வட்டைத் துரத்தும் விளையாட்டு என்பதற்கு மேல் அதன் அழகைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் வாஷிங்டன் கேபிடல்ஸ் என்ற அணி தன் முதல் பருவத்தில், 1974-75இல், ஆடிய ஆட்டங்களின் கணக்கு எனக்குத் தெரியும். வங்கியில் கணக்கெழுதிப் பிழைக்கிறவனுக்கு, எண்களைப் பார்த்தால் அவற்றின் பின்னால் யார் என்ன செய்திருப்பார்கள் என்று யோசிக்கும் பழக்கம் தானாகவே வந்துவிடுகிறது. ஆட்டங்கள் 80. வெற்றி 8, தோல்வி 67, டிரா 5. போட்ட கோல் 181, வாங்கிய கோல் 446. வெளியூர்களில் ஆடிய 40 ஆட்டங்களில் வெற்றி ஒன்றே ஒன்று. 70 ஆட்டங்களுக்குக் குறையாத பருவம் எதிலும் நேஷனல் ஹாக்கி லீகில் இதைவிடத் தாழ்ந்த விகிதம் கிடையாது.

என்னை உறுத்தும் கேள்வி இதுதான். தோற்பதற்கென்றே அமைக்கப்பட்ட ஓர் இடத்தில் ஒருவனைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், அந்தத் தோல்வி யாருடையது? அதில் அவனுக்கென்று ஏதாவது மிஞ்சுகிறதா?

'தோற்பதற்கென்றே அமைக்கப்பட்ட' என்று நான் சொல்வது மிகை அல்ல. 1967 வரை அந்த லீகில் இருந்தவை ஆறே அணிகள். 1967இல் 12, 1970இல் 14, 1972இல் 16, 1974இல் 18 என்று லீக் பெருத்துக்கொண்டே போயிற்று. இதற்கிடையில் 1972இல் உலக ஹாக்கி சங்கம் என்ற போட்டி லீக் முளைத்து, கூடுதல் சம்பளம் காட்டி ஆட்டக்காரர்களை இழுத்தது. 1974-75இல் அதில் 14 அணிகள். எட்டு வருஷத்துக்கு முன்பு ஆறு அணிகளுக்குப் பங்கிட்ட திறமையை இப்போது 32 அணிகளுக்குப் பங்கிட வேண்டியிருந்தது. விருந்தாளி வரவரக் குழம்பில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

இந்தச் சமயத்தில் வாஷிங்டனும் கன்ஸாஸ் சிட்டியும் ஆளுக்கு 60 லட்சம் டாலர் கட்டி உள்ளே வந்தன. பழைய 16 அணிகளும் தலா 15 ஆட்டக்காரர்களையும் 2 கோல்கீப்பர்களையும் 'பாதுகாக்கப்பட்டவர்கள்' என்று பட்டியல் போட்டு ஒதுக்கிக்கொள்ளலாம். மிச்சமிருப்பவர்களிலிருந்து புதியவர்கள் ஆளுக்கு 24 பேரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஓர் ஆட்டத்தில் இறங்குகிறவர்களே ஏறக்குறைய இருபது பேர்தான். அதில் 17 பேரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் வெளியே நிற்பவன் யார்? பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருப்பவன், வயது போனவன், கீழ்நிலை லீகுகளில் ஊர் ஊராக அலைகிறவன். எங்கள் பாஷையில் சொன்னால், வாராக்கடன்களையெல்லாம் ஒரு புதுக் கிளையின் பேரில் எழுதி, அதற்குக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, திறப்பு விழாவுக்கு வந்து கைகுலுக்கிவிட்டுப் போவது.

அணியைத் தேர்ந்தெடுத்த மேலாளர் மில்ட் ஷ்மிட் விஷயம் தெரியாதவர் அல்ல. பாஸ்டன் அணியில் ஆட்டக்காரராகவும் பிறகு மேலாளராகவும் ஸ்டான்லி கோப்பையை வென்றவர். ஆனால் கடைக்காரன் அலமாரியைப் பூட்டிவிட்ட பிறகு வாங்க வந்தவனுடைய ரசனைக்கு என்ன வேலை? 1974 அக்டோபர் 9இல் நியூயார்க்கில் முதல் ஆட்டம். 6-3 என்று தோல்வி. 17ஆம் தேதி சொந்த ஊரில் சிகாகோவை 4-3 என்று வென்றார்கள். பிறகு சரிவு. வெளியூர்களில் தொடர்ந்து 37 தோல்விகள். பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே, உள்ளூர் வெளியூர் எல்லாம் சேர்த்து, தொடர்ந்து 17. ஜிம் ஆண்டர்சன் போய் ரெட் சல்லிவன், அவரும் போய்க் கடைசியில் ஷ்மிட்டே என்று ஒரே பருவத்தில் மூன்று பயிற்சியாளர்கள்.

இப்படியொரு கதையை நாம் இரண்டு விதமாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, சிரிப்பது. வெற்றியைத் தவிர வேறெந்த மதிப்பையும் அறியாதவர்களின் சிரிப்பு அது. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இரண்டாவது, உருகுவது. தோல்வி நிச்சயம் என்று தெரிந்தும் தளத்தில் இறங்கினார்களே, அதுவல்லவா மனிதனின் மகத்துவம் என்று நெகிழ்வது. புத்தகம் படிக்கிறவர்களாகிய நமக்கு இந்த இரண்டாவது சுபாவமாகவே வருகிறது. காம்யு 1942இல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு, கல்லை உருட்டிக்கொண்டிருக்கும் சிஸிஃபஸ் நமக்கெல்லாம் குலதெய்வம் மாதிரி ஆகிவிட்டான். காம்யுவே இளமையில் அல்ஜியர்ஸில் கால்பந்து அணியின் கோல்கீப்பராக நின்றவர் என்பதால், 446 கோல் வாங்கிய அணியை அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவது இன்னும் சுலபம்.

இந்த உருக்கத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். சிஸிஃபஸின் தண்டனை தேவர்கள் விதித்தது. மேல்முறையீட்டுக்கு இடமில்லை. அதனால்தான் அவனுடைய பிரக்ஞை ஒன்றே அவனுக்கு மிஞ்சிய சுதந்திரம் என்று சொல்ல முடிகிறது. கேபிடல்ஸ் ஆட்டக்காரனின் கல்லை மலையடிவாரத்தில் வைத்தவர்கள் தேவர்கள் அல்ல, அணி முதலாளிகள். அவர்களுக்குப் பெயர் உண்டு, விலாசம் உண்டு, ஆண்டு அறிக்கை உண்டு. அவர்கள் வேறு எண்ணை எழுதியிருந்தால் மலையின் சாய்மானமே வேறாக இருந்திருக்கும்.

தமிழில் விதி என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். தலையில் எழுதியதும் விதி. சங்கத்தின் கையேட்டில் அச்சடித்ததும் விதி. முன்னது யாராலும் மாற்ற முடியாதது. பின்னது யாரோ மாற்ற மறுப்பது. இந்த இரண்டையும் ஒரே சொல் தாங்குவது பாஷையின் ஆழமாக இருக்கலாம். ஆனால் விதிமுறையை எழுதியவனுக்கு இது பெரிய வசதி. தன் கையெழுத்தைத் தலையெழுத்து என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

1974இல் நடந்தது தலையெழுத்து அல்ல என்பதற்கு 2017 சாட்சி. அந்த ஆண்டு வேகஸ் கோல்டன் நைட்ஸ் என்ற புது அணி லீகில் சேர்ந்தது. நுழைவுக் கட்டணம் 50 கோடி டாலர். இந்த முறை பழைய அணி ஒவ்வொன்றும் ஒதுக்கிக்கொள்ள முடிந்தது 10 ஆட்டக்காரர்களும் 1 கோல்கீப்பரும்; அல்லது, வேறொரு கணக்குப்படி, 8 ஆட்டக்காரர்களும் 1 கோல்கீப்பரும். தொழிலுக்கு வந்து இரண்டு வருஷம் முடியாத இளைஞர்கள் கணக்கில் வரவில்லை என்றாலும், 17 பேர் இருந்த பட்டியல் 11க்கோ 9க்கோ சுருங்கிவிட்டது. வேகஸ் தன் முதல் பருவத்தில் 51 ஆட்டங்களை வென்று, ஸ்டான்லி கோப்பையின் இறுதிச் சுற்று வரை போயிற்று. முந்தைய பருவம் கொலம்பஸில் 6 கோல் போட்டிருந்த வில்லியம் கார்ல்சன் அங்கே 43 கோல் போட்டான். கொலம்பஸுக்கு அவன் வேண்டாதவன். அது பாதுகாத்தவர்களின் பட்டியலில் அவன் பெயர் இல்லை.

லீகுக்கு 43 வருஷத்தில் மனச்சாட்சி வளர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. 60 லட்சம் 50 கோடியாயிற்று. அந்த விலைக்குப் பழைய சரக்கைத் தள்ள முடியாது, அவ்வளவுதான். ஆனால் காரணம் எதுவானாலும், எழுதியதை அழித்து எழுத முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. அதற்குப் பிறகு 1974ஐப் பார்த்து 'ட்ராஜெடி' என்று சொல்வது அந்தச் சொல்லுக்கு மரியாதை ஆகாது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். அதே 1974இல், அதே பட்டியலிலிருந்து, அதே கட்டணத்துக்கு ஆள் எடுத்த கன்ஸாஸ் சிட்டி 15 ஆட்டங்களை வென்றதே? வேகஸுக்குக் கிடைத்த அதே விதிமுறையோடு 2021இல் வந்த சியாட்டில் 49 ஆட்டங்களில் தோற்றதே? உண்மைதான். ஆகவே எல்லாவற்றையும் விதிமுறையின் தலையில் கட்ட முடியாது. விதிமுறை தளத்தின் நீள அகலத்தைத் தீர்மானிக்கிறது. அதற்குள் சாமர்த்தியம், அதிர்ஷ்டம், தவறான தேர்வு எல்லாவற்றுக்கும் இடமிருக்கிறது. 8க்கும் 15க்கும் உள்ள வித்தியாசம் வாஷிங்டனுடைய சொந்தப் பொறுப்பு. அதை யாரும் மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் 15க்கும் 51க்கும் இடையே கிடக்கும் தூரத்தை ஆட்டக்காரனிடம் கேட்பது நியாயமில்லை. தார்மீக விசாரணை என்பது இந்த இரண்டு தூரங்களையும் தனித்தனியாக எழுதிப் பார்ப்பதுதான் என்று எனக்குப் படுகிறது. சிரிக்கிறவன் இரண்டையும் சேர்த்து ஆட்டக்காரன் பற்றில் எழுதிவிடுகிறான். உருகுகிறவன் இரண்டையும் சேர்த்துத் தள்ளுபடி செய்துவிடுகிறான்.

மிஷேல் பெல்யூமர் என்ற கோல்கீப்பரை எடுத்துக்கொள்வோம். 1972-73இல் ஃபிலடெல்ஃபியாவுக்காக ஆடியபோது அவன் பெயரில் 9 வெற்றிகள் உண்டு. 1974இல் அந்த அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. சில வாரங்களில் இவன் வாஷிங்டனின் பங்குக்குப் போனான். அங்கே 35 ஆட்டங்களில் நின்றான். தோல்வி 24, டிரா 3, வெற்றி பூஜ்யம். அணியின் எட்டு வெற்றிகளும் இன்னொரு கோல்கீப்பரான ரான் லோவின் கணக்கில் இருக்கின்றன. இத்தனைக்கும் ஆட்டத்துக்கு வாங்கிய கோல் சராசரியில் இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. இருவருக்குமே ஐந்துக்கு மேல். பூஜ்யத்துக்கும் எட்டுக்கும் இடையே இருந்தது திறமை என்று என்னால் நம்ப முடியவில்லை. தான் நின்ற நாளில் முன்னால் ஆடியவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான்.

இந்த மனிதனுக்கு என்ன மிஞ்சுகிறது? தடுத்த ஒவ்வொரு வட்டும் அவனுடையது என்று சொல்லலாம். வட்டு வந்தது, கை நீண்டது, தடுத்தது. அந்தக் கணம் தன்னளவில் பூர்ணம்; அடுத்த கணம் இன்னொன்று உள்ளே போனதால் அது இல்லையென்று ஆகிவிடாது. இதை நான் முழுமனதாக நம்புகிறேன். ஆனால் இதைச் சொல்லும் உரிமை அவனுக்கு. நாம் அவனிடம் போய்ச் சொன்னால் அது உபதேசம். பட்டியல் போட்டவன் சொன்னால் அயோக்கியத்தனம். பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்பது பெரிய வாக்கியம்தான். பலனை முன்கூட்டியே பங்கிட்டு எடுத்துக்கொண்டவன் வாயிலிருந்து அது வரும்போது அதன் எடை மாறிவிடுகிறது.

அந்தப் பருவத்தில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் 1975 மார்ச் 28இல் நடந்தது. ஓக்லண்டில் கலிஃபோர்னியா அணியை 5-3 என்று வென்றார்கள். வெளியூரில் கிடைத்த அந்த ஒரே வெற்றி. ஆட்டக்காரர்கள் ஒரு குப்பைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு, அதுதான் ஸ்டான்லி கோப்பை என்பது போலப் பனித்தளத்தைச் சுற்றி வந்தார்கள். தொட்டியில் கையெழுத்தும் போட்டார்கள். அவர்களில் டாமி வில்லியம்ஸ் 1960 ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியோடு தங்கப் பதக்கம் வாங்கியவன். அசல் எது, போலி எது என்று தெரியாதவன் அல்ல. குப்பைத் தொட்டியைக் கோப்பை என்று அவர்கள் நம்பவில்லை. கோப்பையைவிட அது மேல் என்று தத்துவம் பேசவுமில்லை. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொண்ட சிரிப்பு அது. என் வரையில் சிஸிஃபஸைவிட அந்தத் தொட்டி நேர்மையானது.

எழுதுகிறவர்களிடம் தோல்வியை ஒரு நற்சான்றிதழாகக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். முந்நூறு பேர் படித்தால் தரம், முப்பதாயிரம் பேர் படித்தால் மலினம் என்று எளிதாகத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வெற்றி தரத்துக்கு அத்தாட்சி அல்ல என்பது சரி. அதிலிருந்து தோல்வி தரத்துக்கு அத்தாட்சி என்று எப்படி வரும்? கேபிடல்ஸ் வாங்கிய 446 கோல்களில் ஒன்றுகூட அவர்கள் சமரசத்துக்கு மறுத்ததால் விழுந்தது அல்ல. தடுக்க முடியாததால் விழுந்தது. நம் புத்தகம் விற்காததில் எவ்வளவு சூழல் போட்ட பட்டியலால், எவ்வளவு நம் கை நீளாததால் என்று பிரித்தெழுதும் தைரியம் வேண்டும். பிரிக்காத வரையில் சூழலை மாற்றும் வேலையும் நடக்காது. எழுத்தைத் திருத்தும் வேலையும் நடக்காது.

2018 ஜூன் 7இல் வாஷிங்டன் கேபிடல்ஸ் முதன்முறையாக ஸ்டான்லி கோப்பையை வென்றது. இறுதிச் சுற்றில் தோற்ற அணி, தன் முதல் பருவத்தை ஆடிக்கொண்டிருந்த வேகஸ். கடவுளே கணக்கைத் தீர்த்துவிட்டார் என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். ஒரு நிறுவனத்துக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளலாம்; ஒரு வருஷத்து நஷ்டத்தை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோய், 44 வருஷம் கழித்து நேர்செய்ய அதற்கு ஆயுள் உண்டு. மனிதனுடைய கணக்கில் அந்த வசதி இல்லை. பெல்யூமர் அடுத்த பருவத்திலும் வாஷிங்டனுக்காகச் சில ஆட்டங்களில் நின்றான், அவற்றிலும் வெற்றியில்லை. 1976க்குப் பிறகு அந்த லீகில் அவன் ஆடவில்லை. 2018இன் வரவு எதுவும் அவன் பக்கத்தில் ஏறாது. அந்தப் பூஜ்யம் அப்படியே இருக்கிறது; அதன் பக்கத்தில், 1974இல் பட்டியல் போட்டவர்களின் கையெழுத்தையும் சேர்த்து வைத்தால்தான் கணக்குச் சரியாகிறது.