சூழ்தலும் சூழ்ச்சியும்

சொற்களுக்கும் வீழ்ச்சி உண்டு. திருக்குறளின் வினைசெயல்வகை அதிகாரத்தில் 'சூழ்ச்சி' என்பது ஆராய்ந்து எண்ணுதலைக் குறிக்கிறது. இன்றோ அச்சொல்லைக் கேட்டதும் மறைவில் தீட்டப்படும் சதியே நினைவுக்கு வருகிறது. குழந்தைகளுக்கு முன்னறிந்து திட்டமிடும் திறனைக் கற்பிக்கலாமா என்றால் நம்மில் பலர் தயங்குகிறோம். கபடமற்ற பிள்ளை கபடம் கற்றுவிடுமே என்னும் அச்சம்!

ஆனால் பிள்ளைகள் நம் அனுமதிக்குக் காத்திருப்பதில்லை. அலுவலகத்திலிருந்து திரும்பிய தந்தை காப்பி அருந்தி முடித்த பின்னரே மதிப்பெண் பட்டியலைக் கையெழுத்துக்கு நீட்ட வேண்டும் என்பதை எந்த ஆசிரியர் கற்பித்தார்? தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று 47 முதல் 50 வரை அடுத்தடுத்து வள்ளுவர் வைத்த அதிகாரங்கள் அரசனுக்கு உரியவை எனினும், வீடும் ஒரு சிற்றரசுதானே! ஆகவே, கற்பிக்கலாமா என்பதன்று வினா; எதைக் கற்பிப்பது என்பதே.

இரு குழந்தைகளுக்கு நடுவே ஒரே துண்டு மைசூர்பாகு. ஒருவன் வெட்டட்டும்; மற்றவன் முதலில் எடுக்கட்டும். கத்தியைப் பிடித்தவன் அக்கணமே தம்பியின் கண்ணால் அந்தத் துண்டைப் பார்க்கத் தொடங்குகிறான். இது அன்பன்று, தன்னலக் கணக்கே என்பர் சிலர். உண்மைதான். ஆயினும் பிறர் கண்ணால் பார்க்கப் பழகாதவனிடம் அன்பும் குருடாகவே இருக்கும்.

இதனினும் ஆழமானது நம் ஆடுபுலி ஆட்டம். புலிகள் 3, ஆடுகள் 15. எந்தப் பிள்ளையும் புலியாகவே ஆட விரும்பும். அதன் கையில் ஆடுகளைக் கொடுத்துப் பாருங்கள். ஆட்டுக்குத் தாவவும் இயலாது, வெட்டவும் இயலாது. தனக்குப் பின்னுள்ள புள்ளி வெறுமையாக இருந்தால் புலி தாண்டிவிடும். அங்கே இன்னோர் ஆடு நின்றால் புலி திகைத்து நிற்கும். ஆடுகள் அனைத்தும் களத்தில் இறங்கும்வரை ஒன்றையும் நகர்த்தாமல் பொறுக்க வேண்டும். வலியவனின் திட்டம் வேறு, எளியவனின் திட்டம் வேறு என்பதை இவ்வளவு தெளிவாக உரைக்கும் பாடநூலை நான் கண்டதில்லை. அயல்மண்ணில் சங்கம் வைத்து வாழும் நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் இரயில் முன்பதிவையும் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்பே பதிவு தொடங்குகிறது. நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணட்டும். இடம் கிடைக்காவிடில் என்ன செய்வது, பாட்டிக்கு மேல்படுக்கை வந்தால் என்ன செய்வது என்பதையும் அதுவே யோசிக்கட்டும்.

எல்லைக்கோடு எங்கே? தாயிடம் "அப்பா சரியென்றார்" என்றும், தந்தையிடம் "அம்மா சரியென்றாள்" என்றும் கூறித் திரைப்படத்துக்குச் செல்லும் பிள்ளையும் திட்டமிடுகிறதே! அதை விருந்தினரிடம் பெருமையாகச் சொல்லும் பெற்றோரை நான் கண்டு மனம் வருந்தியதுண்டு. செருமானிய மெய்யியலறிஞர் காண்ட், 1795-இல் நிலைத்த அமைதி குறித்து எழுதிய சிறுநூலில், பிறர் உரிமையைத் தொடும் செயலின் நோக்கத்தை வெளிப்படையாகக் கூற இயலாதெனின் அச்செயல் நீதியன்று என்றார். அரசுகளுக்குச் சொன்னதை நாம் அடுக்களைக்கும் கொண்டுவரலாம். ஆடுகளின் திட்டத்தைப் புலிக்கே விளக்கினாலும் ஆடுகள் அரணாக நிற்கும். காப்பிக்காகக் காத்திருந்ததைச் சொன்னால் தந்தை சிரித்துக்கொண்டே கையெழுத்திடுவார். தாயிடமும் தந்தையிடமும் கூறிய பொய்யோ, சொன்ன கணமே சரிந்துவிடும். சீட்டாட்டத்தில் கையை மறைப்பதில்லையா எனலாம். அங்கே மறைப்பதற்கு இருவரும் உடன்பட்டே அமர்கின்றனர்.

வாயிலில் கடன்காரர் நிற்கிறார். "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்" என்று பிள்ளையை அனுப்புகிறார் தந்தை. பிள்ளை சென்று, "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னார்" என்கிறது. பழைய நகைச்சுவைதான். மேற்சொன்ன உரைகல்லில் தேறியது அந்தப் பிள்ளை ஒன்றே. நாம் அதனை அசடு என்று சொல்லிச் சிரிக்கிறோம்.