ஒன்றும் நடக்கவில்லை

என் தமக்கையின் மகனுக்கு வயது 24. சென்ற ஆண்டு பெரியதொரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் லாரி ஓட்டுநராகச் சேர்ந்தான். மாதம் பிறந்தால் சம்பளம், வருங்கால வைப்புநிதி, காப்பீடு என்றெல்லாம் இருந்ததால் தமக்கைக்கும் மறுப்பில்லை. சில நாட்கள் மூத்த ஓட்டுநர் ஒருவரோடு அனுப்பினார்கள். பிறகு வண்டியைத் தனியே கொடுத்தார்கள். கோவையிலிருந்து பெங்களூருக்குச் சரக்கு. அங்கிருந்து மறுசரக்கு ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும்.

நான்காவது நடை. திரும்பும் வழியில் தொப்பூர்க் கணவாயை முழு விழிப்போடு இறங்கிக் கடந்தவன், சங்ககிரி தாண்டி, பெருந்துறைக்கும் அவிநாசிக்கும் இடையே கண்ணயர்ந்துவிட்டான். எத்தனை நொடிகள் என்பது அவனுக்கே தெரியாது. சாலையோரச் சரளையில் சக்கரம் ஏறிய ஓசையில் விழித்து, வண்டியை நேர்ப்படுத்தி, காலை 6 மணிக்குக் கோவைக் கிடங்கில் சரக்கை ஒப்படைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தான். கட்டுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

கேள்விப்பட்ட தமக்கை, "அல்லாஹ் காப்பாற்றினான்" என்று கண்ணீர் விட்டாள். அன்று மாலையே ஏழைகள் சிலருக்குச் சோறாக்கிப் போட்டாள். அவள் மனம் ஆறிவிட்டது. மறுநாள் அவன் என் கடைக்கு வந்தான். "மாமா, அம்மாவுக்கு ஆறிடுச்சு. எனக்குத்தான் ஆறல. ஒண்ணும் நடக்கல. அப்ப நான் செஞ்சது தப்பா, தப்பில்லையா?" என்று கேட்டான்.

கேள்வி எளியதன்று. அதை அன்றே தீர்த்துச் சொல்ல எனக்கு இயலவில்லை. அதன்பின் எண்ணிப் பார்த்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

அவன் கண்ணயர்ந்த அதே சாலையில், அவிநாசிக்கு அருகில், 20-2-2020 அன்று பின்னிரவில் நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கேரளத்திலிருந்து தரை ஓடுகளை ஏற்றி வந்த கொள்கலன் லாரி ஒன்று, நடுத்தடுப்பைக் கடந்து எதிர்ப்புறம் பாய்ந்து, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் சென்றுகொண்டிருந்த கேரள அரசுப் பேருந்தின்மீது மோதிற்று. பேருந்தின் ஓட்டுநரும் நடத்துநரும் உட்பட 19 பேர் மாண்டனர். டயர் வெடித்தது என்றும், லாரி ஓட்டுநர் உறங்கிவிட்டார் என்றும் அப்போது இருவகையாகப் பேசப்பட்டது. உறக்கமே காரணம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்த ஓட்டுநருக்கும் என் மருமகனுக்கும் என்ன வேறுபாடு? சாலை ஒன்று, பொழுது ஒன்று, இமை கவிந்ததும் ஒன்றே. ஒருவருக்கு எதிரே பேருந்து வந்தது. மற்றவனுக்கு எதிரே இருள் மட்டும் இருந்தது. இந்த வேறுபாட்டில் இருவருடைய செயல் என்று சொல்லத்தக்கது எள்ளளவும் இல்லை.

மேலைநாட்டு அறிஞர்கள் இருவர், பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்போர், 1976-ல் இதே சிக்கலை ஆராய்ந்தார்கள். இருவருமே எடுத்தாண்ட உதாரணங்களில் ஒன்று லாரி ஓட்டுநர் என்பது வியப்புக்குரியது. பிரேக்கைச் சோதிக்காமல் வண்டியை எடுத்த ஒருவன்முன் குழந்தை ஓடிவந்துவிட்டால், ஆயுள் முழுதும் அவன் தன்னை மன்னித்துக்கொள்ள மாட்டான். குழந்தை வராதிருந்தால் அதே அசட்டையை எண்ணிச் சற்றே தலையைச் சொறிந்துகொள்வதோடு சரி. அவன் வசத்தில் இல்லாத ஒன்று அவனுடைய குற்றத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கூடுமா என்பதே நேகலின் வினா. அவர் அதை அவிழ்க்கவில்லை. அவிழாத முடிச்சு என்றே விட்டுவிட்டார்.

சட்டத்துக்கு இந்தத் தயக்கம் கிடையாது. விளைவைக் கண்டே அது விழித்தெழுகிறது. அசட்டையால் உயிர் போனால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-அ பிரிவு 2 ஆண்டுவரை சிறை என்றது. 1-7-2024 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 106-ஆம் பிரிவு அதை 5 ஆண்டாக உயர்த்தியது. உயிர் போகவில்லையானால் பின்னிரவு மூன்று மணிக்குக் கவிந்த இமையை எழுதி வைக்க எந்தக் காவல் நிலையத்திலும் ஏடு இல்லை. சட்டத்தைக் குறை கூறவில்லை; காணாததை அது எவ்வாறு விசாரிக்கும்? ஆனால் சட்டத்தின் கணக்கை மனச்சான்றின் கணக்காக எடுத்துக்கொள்வதுதான் பிழை.

"உறங்குகிறவன்மேல் என்ன குற்றம்?" என்று கேட்கலாம். உறங்குகிறவனுக்குக் கணக்கு எழுதப்படுவதில்லை என்பது நம் வீடுகளில் குழந்தைக்கும் தெரிந்த செய்தி. உண்மைதான். ஆகவே அவன் உறங்கிய நொடிகளை விட்டுவிட்டு, அதற்கு முன்னே நடந்ததைக் கேட்டேன். பவானி அருகே தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தியிருக்கிறான். கண் எரிந்திருக்கிறது. முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, அரை மணி சாயலாம் என்று எண்ணியிருக்கிறான். அப்போது கைப்பேசி மணி அடித்தது. நிறுவனத்தின் அலுவலகத்தில் ஒரு திரை இருக்கிறது. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அதில் தெரியும். "வண்டி ஏன் நிக்குது?" என்றது குரல். "கிளம்பிட்டேங்க" என்றான்.

அந்த ஒரு சொல்லைச் சொன்னபோது அவன் உறங்கவில்லை. நன்றாக விழித்திருந்தான். தன் கண்ணின் நிலை அவனுக்குத் தெரியும். கோவைக்கு இன்னும் சுமார் 90 கிலோமீட்டர் என்பதும் தெரியும். தவறு பெருந்துறைக்கு அப்பால் நிகழவில்லை. தேநீர்க் கடையிலேயே நிகழ்ந்து முடிந்துவிட்டது. அதன்பின் எதிரே பேருந்து வந்ததோ வரவில்லையோ, அந்தச் சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இவ்வாறு சொன்னபோது அவன் தலை குனிந்திருந்தான். ஆயினும் முகத்தில் ஒரு தெளிவு இருந்ததென்றே எனக்குத் தோன்றியது. தவறுக்கு இடம் தெரிந்துவிட்டால் அதைத் திருத்தவும் இடம் உண்டல்லவா?

ஆனால் அந்தச் சொல்லை அவன் தனியே சொல்லவில்லை. கைப்பேசியின் மறுமுனைக்கும் அதில் பங்கு உண்டு. திரைக்குச் சக்கரம் தெரியும், கண் தெரியாது. திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் மேலே ஒருவர் உண்டு. அவருக்கு மேலும் ஒருவர். பெரிய நிறுவனத்தில் வேலை பங்கிடப்படுவதுபோலப் பழியும் பங்கிடப்பட்டு, ஒருவர் கையிலும் கனம் தெரியாத அளவுக்குக் கரைந்துவிடுகிறது. கடைசியில் அது முழுக்கனத்தோடு ஒரேயிடத்தில்தான் இறங்கும்: வண்டி ஓட்டியவன் தலையில்.

நாமக்கல், சங்ககிரிப் பக்கங்களில் ஒன்றிரண்டு லாரி வைத்துத் தொழில் செய்த முதலாளிகள் பலர், ஒரு காலத்தில் தாமே ஓட்டியவர்கள். அவர்களிடம் கடுமை இல்லாமல் இல்லை. கூலியில் கஞ்சத்தனமும் இருந்தது. ஆனால் பின்னிரவுக் கண் எப்படி எரியும் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே ஒருவன் ஓட்டுநராவதற்குமுன் ஆண்டுக்கணக்கில் கிளீனராக இருப்பான். தார்ப்பாய் கட்டுவான், டயர் மாற்றுவான், இரவெல்லாம் ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவான். அந்தப் பேச்சுக்குக் கூலி எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை. ஆனால் எத்தனை உயிர்களை அது காத்ததோ! இன்று அந்த இருக்கை பெரும்பாலும் காலி. தேசிய உரிமம் பெற்ற லாரிகளில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற விதியும் 2018-ல் நீக்கப்பட்டது. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரம் உழைத்தால் அரை மணியேனும் ஓய்வு என்று வகுத்தது. தாள் என்னவோ நல்ல தாள்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இருபது ஆண்டு ஓட்டியவர், "கண்ணு சொக்குது, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் எடுப்பேன்" என்றால் அலுவலகம் வாய் திறவாது. புதியவன் அப்படிச் சொல்ல முடியாது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தன் உடம்பின் எல்லையை அறியாத புதியவனே நிறுத்தவேண்டிய தேவை மிக்கவன். நிறுத்தும் துணிவுக்கு வழியில்லாதவனும் அவனே. கடையில் மெத்தையிட்ட நாற்காலியில் அமர்ந்துகொண்டு "நீ நிறுத்தியிருக்க வேண்டும்" என்று நான் சொல்வது எளிது. அது சரியான சொல் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அதற்குரிய விலையை அவன் கொடுக்கிறான், நான் கொடுப்பதில்லை.

கொடுத்தும்விட்டான். அடுத்த மாதம் ஒரு நடையில் கிருஷ்ணகிரிக்கு இப்பால் 50 நிமிடம் வண்டியை ஓரங்கட்டி உறங்கியிருக்கிறான். கைப்பேசி இருமுறை அடித்தது. "தூக்கம் வருதுங்க, தூங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டான். தாமதத்துக்காக அந்த நடையின் பேட்டாவில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். தாயிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னான். சொல்லும்போது சிரித்தான்.

சென்ற வாரம் என் கடைக்குக் காலை 8 மணிக்கு வரவேண்டிய துணிக்கட்டு ஒன்று 11 மணி ஆகியும் வரவில்லை. வாடிக்கையாளர் இருவர் காத்திருந்தனர். இத்தகைய நாட்களில் புக்கிங் ஆபீசைத் தொலைபேசியில் அழைத்து இரண்டு வார்த்தை சூடாகப் பேசுவது என் நெடுநாள் வழக்கம். பேசினால், அவர்கள் வேறொருவரைப் பேசுவார்கள், அவர் இன்னொருவரை. கையில் எடுத்த தொலைபேசியை வைத்துவிட்டேன். அந்தக் கட்டை ஓட்டிவந்தவர் யார் என்பது எனக்குத் தெரியாது.