பயனற்ற கற்பனை

இரு வேறு இயந்திரங்களைப் பிணைத்து, எவரும் கண்டிராத விமானமொன்றைத் தாளிலே வரைந்து மகிழ்வோர் உளர். கட்டப்படப் போவதில்லை என்றறிந்தே வரையும் அக்கற்பனைக்கு மதிப்பு உண்டா? தேவையே கண்டுபிடிப்பின் தாய் என்போர், இல்லையென்பர்.

இத்தாலியப் பொறியியலாளர் கம்பினியின் விமானம் 1940 ஆகஸ்ட் 27இல் பறந்தது. அதன் வயிற்றுள் இருந்த பெற்றோல் இயந்திரம் காற்றை அமுக்கிப் பின்னே தள்ள, வாற்புறத்தில் எரிபொருள் பீய்ச்சி எரிக்கப்பட்டது. முழுமையான ஜெற் இயந்திரமாகாது இடைநின்ற அக்கலப்புப் பிறவி, அக்காலப் போர்விமானங்களின் வேகத்தையும் எட்டவில்லை.

யாழ்ப்பாணம் கண்ட கலப்போ வேறுவகையானது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினாற் குடாநாட்டில் பெற்றோல் அரிதாயிற்று. கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் சில துளி பெற்றோலைப் பீய்ச்சி இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். வீதியெங்கும் புகை. வானொலி கேட்கச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுழற்றினர். தலைக்கு மேல் குண்டு வீச வந்த ஜெற் விமானங்கள் எரித்ததும் மண்ணெண்ணெயின் இனத்து எரிபொருளையே என்பது கசப்பான உண்மை.

அத்திறமையை மெச்சாதார் இலர். ஆயின் அதனைத் தேவையின் கொடையென்று கொண்டாடுவது பொருந்துமா? பஞ்சம் அனுமதித்த வினா ஒன்றே: இன்று இதனை எவ்வாறு ஓட்டுவது? நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல விரைபவனுக்கு, விமானத்தின் வாலிலே நெருப்பு மூட்டினால் யாது நிகழும் என வியக்க நேரமில்லை. இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிய சிறுவனுக்கு விமானம் எளிதிற் கனவுப்பொருளாகவும் மாட்டாது. பயனற்றதெனப்படும் கற்பனை செல்வரின் விளையாட்டன்று. அச்சமின்றி வாழும் எவர்க்கும் உரிய ஒன்று. அஃது அம்மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதனைத் திறமையின் புகழுரை மறைத்துவிடுகிறது.

கற்பனையும் குற்றமற்றதன்று எனலாம். கம்பினியின் விமானத்தை வேண்டியதும் விமானப்படையே. மெய்தான். ஆனால் படைக்குப் பயன்படாமற்போனமை அவ்விமானத்தின் இழுக்காகுமா என்பது வேறு வினா.

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களை நோக்குக. மூங்கிலும் தாளும் நூலும் கொண்டு, அசையும் உறுப்புகளோடு விந்தை உருவங்கள் எழுகின்றன. பரிசும் உண்டுதான், எனினும் இவ்வளவு பெரிய உருவத்தைக் காற்று ஏந்துமா என்றறியும் ஆவலே கட்டுவோரைத் தூண்டுகிறது. அவற்றில் ஏறி எவரும் எங்கும் போவதில்லை.