கேட்டறிந்தவன் கடன்

தொழில் அறிந்த ஒருவன், தான் அறிந்ததை அறியாத மற்றொருவனுக்குக் கூலி வாங்காமல் சொல்லித்தர வேண்டுமா? கேட்பவன் உறவினனும் அல்லன், ஊரானும் அல்லன். நாளைக்கே போட்டியாக வந்து நிற்கக் கூடியவன் என்றால், அப்போதும் சொல்லித்தர வேண்டுமா? வணிகம் செய்வோர் எவருக்கும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் எதிர்ப்படும் கேள்வி இது. தம் கடையில் வேலை பழகிய பையன் எதிர் வரிசையிலேயே கடை திறந்ததைக் கண்டவர்கள், "சொல்லிக் கொடுத்ததே பிழை" என்று நொந்து கொள்வதைக் கேட்டிருக்கிறோம். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

இதனை ஆராய வேறொரு தொழிலாரின் வழக்கத்தை எடுத்துக் கொள்வோம். சொந்தத் தொழிலை நினைக்கும்போது இலாப நஷ்டம் கண்ணை மறைக்கும். பிறர் தொழிலைப் பார்க்கும்போது நடுநிலை எளிதில் வரும். நாம் எடுத்துக் கொள்வது கணினிக்கு நிரல் எழுதுவோரின் தொழிலை. நம் கடைகளில் பில் போடும் யந்திரமும், சரக்கு இருப்பைக் காட்டும் கணினியும், கைத்தொலைபேசியில் பணம் அனுப்பும் வசதியும் இவர்கள் வரிவரியாக எழுதி வைத்த கட்டளைகளின்படியே நடக்கின்றன. அவ்வரிகளில் ஓர் எழுத்துப் பிசகினாலும் கணக்குத் தவறலாம், யந்திரமே நின்றுவிடலாம். ஆகவே அவர்கள் வேலையில் நாள்தோறும் சிறு சிறு சிக்கல்கள் வந்த வண்ணமே இருக்கும். அவற்றைத் தீர்த்துக் கொள்ளும் முறைதான் கவனிக்கத் தக்கது. ஒருவன் தன் சிக்கலை இணையத்தில் பலரும் பார்க்கும்படி எழுதுகிறான். உலகின் மறுகோடியிலிருந்து முன்பின் அறியாத ஒருவன் விடை எழுதுகிறான். காசு கைமாறுவதில்லை.

இவ்வழக்கத்தின் வேர் இணையத்திற்கும் முந்தியது. 1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்து விமானக் கம்பெனிகள் சில, ஐ.பி.எம். 704 என்னும் பெருங் கணினியை வாங்க ஏற்பாடு செய்தன. அக்காலத்தில் யந்திரம் வந்து சேருமே தவிர, அதை வேலை வாங்க வேண்டிய நிரல்களில் பெரும்பாலானவற்றை வாங்கியவரே எழுதிக் கொள்ள வேண்டும். லாக்ஹீட், நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் முதலியவை ஒன்றுக்கொன்று போட்டியாளர்கள். எனினும், ஒரே நிரலை ஒவ்வொருவரும் தனித்தனியே சம்பளம் கொடுத்து எழுதுவிப்பது வீண் செலவு என்று கண்டு, 'ஷேர்' என்னும் பெயரில் ஒரு சங்கம் அமைத்தனர். யுனைட்டெட் ஏர்கிராஃப்ட் கம்பெனியில் எழுதப்பட்ட ஓர் அடிப்படை நிரல் அச்சங்கத்தின் வழியாக மற்றவர்க்கும் கிடைத்தது. இதனால் விமானம் விற்பதில் போட்டி நின்றதா? நிற்கவில்லை. விமானத்தின் அமைப்பு அவரவர் இரகசியம். யந்திரத்தை ஓட்டும் முறை எல்லோருக்கும் பொது. இவ்விரண்டையும் பிரித்தறிந்ததே அவர்களுடைய சாமர்த்தியம்.

பின்னர் 1979-இல் டியூக் பல்கலைக்கழக மாணவர் இருவர், கணினிகள் தொலைபேசிக் கம்பி வழியே செய்தி பரிமாறிக் கொள்ளும் 'யூஸ்நெட்' என்னும் ஏற்பாட்டைத் திட்டமிட்டனர். 1980-இல் அது நடைமுறைக்கு வந்தது. கேள்வியும் விடையும் அதில் ஊர் கடந்து சென்றன. 2008-இல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி என்னும் இருவர் 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' என்னும் தளத்தை நிறுவினர். அங்கே எவரும் கேட்கலாம். எவரும் விடை கூறலாம். நல்ல விடைக்குப் படிப்பவர்கள் வாக்களிப்பர். விடை சொன்னவர் கணக்கில் மதிப்புப் புள்ளிகள் சேரும். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட கேள்விகள் அங்கே திரண்டன.

ஓர் உதாரணம் கூறுவோம். 2011-இல் ஒருவர் விசித்திரமான சிக்கலோடு வந்தார். 1927-ஆம் ஆண்டின் கடைசி இரவில், ஷாங்காய் நேரப்படி, ஒரு வினாடி இடைவெளி உள்ள இரண்டு நேரங்களைக் கழித்தால் விடை ஒன்று என்று வர வேண்டும். அவருடைய கணினியோ 353 என்று காட்டியது. நிரலில் பிழை எங்கே என்று தேடி அவர் களைத்திருக்க வேண்டும். மற்றொருவர் விளக்கம் எழுதினார்: பிழை நிரலில் இல்லை, கணினியில் உள்ள நேரக் குறிப்பின்படி ஷாங்காயில் அவ்விரவு கடிகாரங்கள் 5 நிமிடமும் 52 வினாடியும் பின்னுக்குத் தள்ளி வைக்கப்பட்டன, அதனால் சில நிமிடங்கள் இருமுறை வந்து போயின. பிற்காலத்தில் அந்த நேரக் குறிப்புகள் திருத்தப்பட்டபோது, அவரே திரும்பி வந்து தம் விடையிலும் அதனைக் குறித்து வைத்தார். மலாயாத் தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும் 1982 பிறந்தபோது கடிகாரத்தை அரைமணி முன்னுக்குத் தள்ளி வைத்ததை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். பழைய தேதிகளைக் கணக்கிடும் எவரும் இடறக்கூடிய பள்ளம் இது. ஒருவர் கேட்டதனாலும் ஒருவர் சொன்னதனாலும் பின்னால் வருவோர்க்கு வழி தெரிந்தது.

நிற்க. அவர்கள் ஏன் கொடுக்கிறார்கள்? சிலர், "புள்ளிகளுக்காகவும் பெயருக்காகவும் எழுதுகிறார்கள், பெயர் வந்தால் நல்ல உத்தியோகம் கிடைக்கும், இதில் தருமம் எங்கே?" என்று கேட்பர். பெயரை விரும்புவோரும் இருக்கவே செய்கிறார்கள். அதனால் கொடை பொய்யாகி விடுமா? நிறுவை சரியாக இருந்தால் வாடிக்கை நிலைக்கும் என்று எண்ணியே ஒரு வணிகர் தராசை ஒழுங்காகப் பிடிக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அரிசி வாங்கிப் போனவருக்கு முழு அளவு கிடைத்தது மெய்தானே! எண்ணம் தூயதாக இருந்தால் மிக நல்லது. எண்ணத்தில் கலப்பு இருப்பதற்காகச் செயலைப் பழித்தல் தகாது.

"கல்வி கொடுக்கக் குறையாது" என்று நாம் எல்லோரும் சொல்லிப் பழகியிருக்கிறோம். அது பாதி உண்மையே. கல்வி குறையாது, கற்பிப்பவனின் நேரம் குறையும். ஒருவனுடைய சிக்கலைப் படித்து, தன் கணினியில் செய்து பார்த்து, புரியும்படி எழுதி முடிக்க ஒரு மணி ஆனால், அந்த மணி திரும்பி வராது. ஆகவே கொடுப்பவனுக்குச் செலவே இல்லை என்று எண்ணிக் கேட்பது அறியாமை. செலவு உண்டு என்றால், பெற்றவன்மீது கடனும் உண்டு. நாம் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்புவது இதுவே.

அக்கடன் மூன்று வகையானது என்று நாம் கருதுகிறோம். முதலாவது, கேட்குமுன் தானே முயன்று பார்த்தல். முன்பே யாரேனும் விடை சொல்லியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தலும் இதில் அடங்கும். இரண்டாவது, முடிவைச் சொல்லுதல். சிலர் பலருடைய நேரத்தையும் வாங்கிக் கொண்டு, "சரியாகி விட்டது" என்று ஒரு வரி எழுதிவிட்டு மறைந்து விடுகிறார்கள். எப்படிச் சரியாயிற்று என்று சொல்வதில்லை. ஆண்டுகள் கழித்து அதே சிக்கலோடு அங்கே வருகிறவன், பூட்டிய கதவைக் கண்டவன்போல் திகைக்கிறான். மூன்றாவது, தன்னால் இயன்றபோது வேறொருவனுக்கு விடை கூறுதல். விடை கொடுத்தவனுக்கே திருப்பிக் கொடுக்க வழியில்லை. அவன் யாரென்றும் தெரியாது. அவனுக்கு நம் உதவி தேவையும் இல்லை. ஆதலின் இக்கடனை அடுத்து வருபவனிடம்தான் அடைக்க வேண்டும்.

கொடுப்பவனுக்கும் கடமை உண்டு. விடையோடு ஏளனத்தையும் சேர்த்துக் கொடுத்தால் கேட்டவன் மறுமுறை வாய் திறக்க மாட்டான். தம் தளத்தில் புதியவர்கள் பலர் வரவேற்கப்படாதவர்களாக உணர்கிறார்கள் என்பதை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனமே 2018-இல் வெளிப்படையாக ஒப்புக் கொண்டது. முயற்சியின்றிக் கேட்பவனைக் கண்டிப்பது வேறு; அறியாமைக்காக ஒருவனை அவமதிப்பது வேறு. இன்றைய ஆசானும் ஒரு காலத்தில் அரிச்சுவடியைக் கையில் பிடித்தவன்தானே?

இனி, இக்கேள்வியைக் கூர்மையாக்கிய இரண்டு நிகழ்ச்சிகளுக்கு வருவோம். 2021-இல் அந்நிறுவனம் 180 கோடி அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. விடை எழுதிக் குவித்தவர்களுக்கு அதில் பங்கில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் செயற்கை அறிவு யந்திரம் வெளிவந்தது. இணையத்தில் மனிதர்கள் எழுதி வைத்தவற்றைப் பயின்ற இத்தகைய யந்திரங்கள், நிரல் பற்றிய கேள்விகளுக்கு நொடியில் விடை தருகின்றன, ஏளனம் செய்வதுமில்லை. அதன்பின் தளத்தில் வந்து கேட்போர் தொகை வெகுவாகக் குறைந்தது. 2024 மே மாதம், சாட்ஜிபிடியை உருவாக்கிய நிறுவனத்தோடு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஒப்பந்தம் செய்ததாக அறிவித்தபோது, விடை எழுதியவர்களில் சிலர் மனம் புண்பட்டுத் தம் விடைகளை அழிக்க முனைந்தனர். நிறுவனம் அதற்கு இடம் தரவில்லை.

இவர்கள் செய்தது சரியா? அவர்கள் குறையில் நியாயம் உண்டு. அவ்விடைகளை எவரும் எடுத்துக் கொள்ளலாம், ஆனால் எழுதியவர் பெயரைக் கூற வேண்டும் என்பதே அங்கிருந்த நிபந்தனை. யந்திரம் விடை சொல்லும்போது, அதனை முதலில் எழுதியவர் யார் என்பது பெரும்பாலும் தெரியாமற் போகிறது. பொருளைக் கொடுத்தவன் தன் பெயரையேனும் எதிர்பார்ப்பதில் பிழையில்லை. எனினும், விடையை அழித்தால் அதிகம் இழப்பவன் நிறுவன முதலாளி அல்லன். நாளை அதே சிக்கலோடு வரப்போகும் ஏதுமறியாத ஒருவன்தான். வழியில் கிணறு வெட்டி வைத்தவன், அவ்வழியே சுங்கம் வசூலிப்போன்மீது கொண்ட கோபத்தால் கிணற்றைத் தூர்த்து விட்டால், தாகத்தோடு வருபவன் என்ன குற்றம் செய்தான்?

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. யந்திரத்திடம் தனியே கேட்பவனுடைய கேள்வியும் விடையும் அவனோடு முடிந்து விடுகின்றன. முன்பு ஒருவன் இடறியது ஆயிரம் பேருக்குப் பாடமாயிற்று. இப்பொழுது ஆயிரம் பேரும் தனித்தனியே இடறுகிறார்கள். புதிய கருவிகளும் புதிய சிக்கல்களும் வந்து கொண்டே இருக்கின்றன. பழைய இருப்பைக் கொண்டே எத்தனை நாள் கடை நடத்த முடியும்? எடுப்பவர் பெருகி வைப்பவர் அருகினால் எந்தக் கிடங்கும் ஒரு நாள் காலியாகும் என்பதை வணிகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. யந்திரத்தைப் பயன்படுத்துவது குற்றமன்று. அதனிடம் பெற்ற விடை உண்மையில் பயன்பட்டதா, எங்கே தவறிற்று என்று பலரறிய எழுதி வைப்பவனே கிடங்கை நிரப்புகிறவன்.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு நம் கருத்து இது. கொள்முதல் விலையும், வாடிக்கையாளர் கணக்கும், கூட்டாளியோடு பேசிய பேச்சும் மறைக்கத் தக்கவை. அவற்றை மறைப்பது கஞ்சத்தனமும் அன்று, பாவமும் அன்று. ஆனால் அரசாங்கப் படிவத்தை நிரப்பும் முறை, புதிய கணக்கு யந்திரத்தை இயக்கும் விதம், சரக்கைக் கெடாமல் காக்கும் பக்குவம் ஆகியவை எவனுக்கும் தனிச் சொத்தல்ல. அவற்றை நாமும் யாரிடமோ கேட்டுத்தான் அறிந்தோம். எதிர் வரிசையில் கடை திறந்த பையனுக்கு இவற்றைச் சொல்லிக் கொடுத்தவர் பிழை செய்தவர் அல்லர்; தமக்கு யாரோ கொடுத்த கடனை அடைத்தவர். அந்தப் பையன் தன் முறை வரும்போது அடைப்பானா என்பதே இனி அவனிடம் கேட்க வேண்டிய கேள்வி. அக்கேள்வியை நம்மை நாமே கேட்டுக் கொண்ட பிறகு அவனிடம் கேட்பது முறையாகும்.