மனத்திண்மையும் கருணையும்

துன்பம் வந்துற்ற காலத்துக் கலங்காத உள்ளம் பெறுவது எங்ஙனம் என்னும் வினா எந்நாட்டுச் சான்றோரையும் சிந்திக்க வைத்ததாகும். கி.மு. 300-ஐ ஒட்டிய காலத்தில் ஏதென்ஸ் நகரத்துத் தூண் மண்டபமொன்றில் ஜீனோ என்னும் அறிஞர் இதற்கு விடை போதித்தார். மண்டபத்தைக் கிரேக்கர் 'ஸ்டோவா' என்பர். ஆதலின் அவர் வழிவந்தோர் ஸ்டோயிக்கர் எனப்பட்டனர்.

அவர்களுள் எபிக்டீடஸ் அடிமையாக வாழ்ந்தவர், கால் ஊனமுற்றவர். விடுதலை பெற்று ஆசிரியரான பின்னர், தத்துவ அறிஞர்களை மன்னன் டொமிஷியன் ரோமாபுரியினின்றும் வெளியேற்றவே, நிக்கோபோலிஸ் சென்று கற்பித்தார். நம் எண்ணமும் முயற்சியும் நம் வசத்தன; உடலும் பொருளும் பதவியும் பிறர் கூற்றும் நம் வசத்தன அல்ல; இவ்வேறுபாட்டை அறியாமையே கலக்கத்திற்கு வித்து என்பது அவர் உபதேசம்.

இவ்வறிவை அவர்கள் நாள்தோறும் பயின்றனர். 161 முதல் 180 வரை ரோமாபுரியை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ், அன்று எதிர்ப்படக்கூடிய நன்றியற்றோரையும் செருக்குற்றோரையும் காலையிலேயே நினைந்து, அவர்களும் தம் உறவினரே எனத் தெளிய வேண்டும் என்று தமக்கே எழுதிக்கொண்டார். செனெகா இரவில் விளக்கை அகற்றிய பின் அன்றைய தம் சொல்லையும் செயலையும் தாமே விசாரணை செய்தார்.

ஆயின், கலங்காமை என்பது கல்மனந்தானோ? இன்ப துன்பங்களை ஒப்ப நோக்கும் ஸ்திதப்பிரஜ்ஞனைக் கீதையின் 2-ஆம் அத்தியாயமும் காட்டுகிறது. அத்தகையோன் ஈரமற்றவன் அல்லன் என்பதற்குக் கூரத்தாழ்வானின் சரிதமே சான்று. ஆசார்யனைக் காக்கும்பொருட்டுச் சோழன் அவைக்குத் தாமே சென்று அவர் கண்களை இழந்தார் எனக் குருபரம்பரை கூறும். காஞ்சிப் பேரருளாளனிடம் கண்களை வேண்டிப் பெறுமாறு உடையவர் பின்னாளில் நியமித்தார். ஆழ்வானோ, அக்கேட்டிற்குக் காரணனான நாலூரானும் தாம் பெறும் பேற்றைப் பெற வேண்டும் என்றே பிரார்த்தித்தார். தீங்கிழைத்தவனுக்கும் நலம் வேண்டும் நெஞ்சினும் திண்ணிய நெஞ்சு யாதுளது?

உலகை நடத்தும் தெய்வத்தின் நியதிக்கு இசைதலை ஸ்டோயிக்கரும் வற்புறுத்தினர். எனினும் அவர்கள் தம் அறிவையே அரணாகக் கொண்டனர். வைணவனோ, தன் வசமல்லாதன அனைத்தும் பிராட்டியோடு கூடிய எம்பெருமான் வசத்தன என்று தேறி, அத்திருவடிகளையே பற்றுகிறான். தன்னைக் காக்கும் கவலை நீங்கியவனுக்கே பிறர்க்கு இரங்க இடமுண்டு.

திருவிழாக் காலத்து நெருக்கமும் வெயிலும் காத்திருப்பும் இதற்கு நல்ல பயிற்சிக் களங்கள். கூட்டம் நம் வசத்ததன்று. எழுகின்ற சினத்தை அடக்குதல் நம் வசத்தது. சினம் அடங்கிய அக்கணத்தில், அருகில் தளர்ந்து நிற்கும் முதியவருக்கு இடமளித்தல் சேவையின் முதற்படியாம். அத்தகைய திண்மையும் ஈரமும் அடியார்க்கெல்லாம் உண்டாக எம்பெருமான் திருவருள் புரிவானாக!